ஐவி காட்டேஜின் கற்கள்

கிரேஞ்ச், ரிட்ரீட், ஐவி காட்டேஜ். ஏற்காட்டின் பழைய பங்களாக்களுக்குக் கதவு எண்ணைவிடப் பெயர்தான் முக்கியம். நாம் வீட்டுக்குப் பெயர் வைத்தால் அம்மா பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ எழுதி, பின்னால் ஒரு ‘இல்லம்’ சேர்ப்போம். மலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர்கள் வேறு ரகம். கிரேஞ்ச் என்றால் பண்ணை வீடு. ரிட்ரீட் என்றால் ஒதுங்கியிருக்கும் இடம். ஐவி என்பது இங்கிலாந்தின் பழைய சுவர்களில் படரும் ஒரு கொடி. பெயரைக் கேட்டாலே வந்த ஆளின் மனசு தெரிந்துவிடுகிறது. ஒருவர் விளைவிக்க வந்திருக்கிறார், ஒருவர் ஓய்வெடுக்க, இன்னொருவருக்குச் சொந்த ஊர் ஞாபகம்.

எங்களைப் போன்ற சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஏரி, படகு, லேடீஸ் சீட், திரும்பும்போது வாந்தி. இந்த வீடுகள் பஸ் ஜன்னலில் வந்து போகும், அவ்வளவுதான். சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் ஓட்டுக் கூரையும் புகைபோக்கியும் தெரியும், அடுத்த வளைவில் மறைந்துவிடும். அவற்றைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோது எனக்கு இருந்தது சாதாரணமான கேள்வி. இதையெல்லாம் யார் கட்டினார்கள், யார் கைக்குப் போனது? வாசிக்க வாசிக்கக் கேள்வி வீட்டைவிட்டு வெளியே போய்விட்டது. வீட்டுக்குள் சேர்த்து வைக்கப்பட்ட பொருள்கள் யாருடையவை என்பதில் வந்து நின்றது.

முதலில் கிரேஞ்ச். கண்டிப்பாகப் பார்த்தால் இது விக்டோரியா காலத்து வீடே அல்ல. விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837இல். கிரேஞ்சின் கதை 1820களில் தொடங்குகிறது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்தவர் எம்.டி. காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். (எழுத்தில்தான் காக்பர்ன். அவர்கள் வாயில் அது ‘கோபர்ன்’.) சேர்வராயன் மலையில் காபி, பேரி, ஆப்பிள், ஆரஞ்சு வகைகளை நட்டுப் பார்த்தவர் இவர். அதனாலேயே ‘ஏற்காட்டின் தந்தை’ என்று சுற்றுலாப் பிரசுரங்கள் இன்றும் எழுதுகின்றன. அந்த நடவு நடந்த இடமும், அவர் கட்டிய வீடும்தான் கிரேஞ்ச்.

‘தந்தை’ என்ற சொல் எனக்கு ஒட்டவில்லை. அவர் வருவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அந்த மலையில் ஆட்கள் இருந்தார்கள். மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளிகள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. மலையுச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் அவர்கள் சாமி. ஆங்கிலேயர் வாயில் அந்தச் சாமியின் பெயர் ‘ஷெவராய்’ ஆனது. ஆக, மலைக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருந்தார், அவர் பெயரிலேயே மலையும் இருந்தது.

காக்பர்ன் குடும்பம் ஏற்காட்டோடு நிற்கவில்லை. பின்னாளில் நீலகிரியில் கோத்தகிரிக்குப் போய்விட்டது, அங்கும் காபி. அவர் கலெக்டராக இருந்த கடைசி ஆண்டில், 1829இல், சேலத்தில் பிறந்த மகள் மார்கரெட் நீலகிரிப் பறவைகளையும் செடிகளையும் வரைந்து குவித்தவர். கோத்தகிரியில் 1863இல் ஆல்போர்ட் என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதும் அவர்தான். அவருடைய ஓவியங்கள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தமிழில் யாராவது அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இந்தக் கட்டுரைக்குள் அவரை இழுத்தால் நான் கீழே இறங்கிவர மாட்டேன்.

கிரேஞ்சின் கட்டுமானத்துக்கு வருவோம். ஏற்காட்டின் பெரும்பாலான பழைய வீடுகள் பங்களாக்கள். பங்களா என்ற சொல்லுக்கே ‘வங்காளத்துக்கு உரியது’ என்றுதான் பொருள். வங்காளத்துக் குடியானவரின் குடிசையில் கூரை நான்கு பக்கமும் தாழ இறங்கித் திண்ணைக்கு நிழல் கொடுக்கும். கம்பெனிக்காரர்கள் அந்த வடிவத்தை எடுத்துப் பெரிதாக்கி, சுவரைக் கல்லால் கட்டி, தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலி போட்டார்கள். பிறகு 1870 வாக்கில் அதே வடிவம் கப்பலேறி இங்கிலாந்துக் கடற்கரையில் பணக்காரர்களின் விடுமுறை வீடாக முளைத்தது. ஒரு குடியானவனின் கூரை போய்ச் சேர்ந்த தூரத்தைப் பாருங்கள்.

மலைக்கு வந்ததும் பங்களாவுக்குக் குளிர் எடுத்தது. சமவெளியில் வெயிலைத் தள்ளி வைக்கத் தாழ்வாரம் போட்டவர்கள், இங்கே வெயிலைக் கூப்பிட வேண்டியிருந்தது. தாழ்வாரத்துக்குக் கண்ணாடி போட்டார்கள், அறைக்கு அறை கணப்பு கட்டினார்கள், கூரையில் புகைபோக்கி எழும்பியது. தொடக்கத்தில் கூரைக்குப் புல்லோ நாட்டு ஓடோதான். பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு சீமை ஓடு மெல்ல மலைகளுக்கும் ஏறியது. சமையல்கட்டு மட்டும் வீட்டோடு சேராமல் பின்னால் தனியாக நிற்கும். ‘சமையல்கட்டு தள்ளி இருந்தாலே வெள்ளக்காரன் கட்டுன வீடுன்னு தெரிஞ்சுக்கலாம்’ என்று எங்கள் அம்மா சொல்வார். புகையும் மசாலா வாசமும் சமையல்காரரும் வெளியே இருக்க வேண்டும், சாப்பாடு மட்டும் உள்ளே வர வேண்டும்.

கிரேஞ்ச் இந்த வரிசையில் சேராது. அது கோட்டை மாதிரி. மொட்டை மாடியைச் சுற்றி அரண் போன்ற கைப்பிடிச் சுவர். 1857இல் வடக்கே சிப்பாய்கள் எழுந்த செய்தி வந்ததும் அந்த மாடியில் பீரங்கி ஏற்றினார்கள் என்றும், நிலவறை ஒன்றில் ஆறு மாதத்துக்கு வேண்டிய உணவும் தண்ணீரும் சேர்த்து வைத்தார்கள் என்றும் ஊரில் சொல்லப்படுகிறது. மீரட்டும் டெல்லியும் கான்பூரும் எங்கே, சேர்வராயன் மலை எங்கே! அந்த மாடியை நோக்கி எந்தப் படையும் ஏறி வரவில்லை. சொந்த வீடு என்று உண்மையிலேயே நம்பியவர்கள் மாடியில் பீரங்கி வைப்பார்களா என்று எனக்குத் தோன்றும். காபிச் செடிக்கு நடுவே ஒரு பீரங்கி நிற்பது மலையின் மீதான உரிமை பற்றி எந்தப் பத்திரத்தையும்விடத் தெளிவாகப் பேசுகிறது.

இப்போது ஐவி காட்டேஜ். இங்கே பீரங்கி இல்லை. இருந்தவை கற்கள்.

ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பெயர் தொல்லியல் வாசிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1834இல் இங்கிலாந்தின் செல்டன்ஹமில் பிறந்தவர். 1858இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் செம்பாறைச் சரளைக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கல் அது. அதே ஆண்டு செப்டம்பரில் சக ஊழியர் வில்லியம் கிங்குடன் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கைக்கோடரிகளைக் கண்டார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு முதல் சான்றுகள் இவை. பிரான்சில் சோம் ஆற்றுப் படுகைக் கற்கருவிகள் மனிதன் செய்தவைதான், மிகப் பழையவைதான் என்று ஐரோப்பிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டே அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் மிகப் பழையவை 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று 2011இல் காலக்கணிப்பு வந்தது. ஃபூட் அந்த எண்ணைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

ஓய்வு பெற்றபின், பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் கொஞ்ச காலம் புவியியலாளராக வேலை பார்த்துவிட்டு, ஃபூட் குடியேறியது ஏற்காட்டில். வீடு ஐவி காட்டேஜ். நாற்பது ஆண்டு காலம் குதிரையிலும் மாட்டு வண்டியிலும் நடந்தும் தென்னிந்தியா முழுக்கச் சுற்றிச் சேர்த்த கற்கருவிகள், பானை ஓடுகள், இரும்புப் பொருள்கள் அங்கே இருந்தன. இந்தியத் தொல்பழங்காலத்துக்கு அப்போது உலகில் அதைவிடப் பெரிய தனியார் சேகரிப்பு இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். பனி இறங்கும் மலையூரில், ரோஜாத் தோட்டத்துக்கும் காபிக்காட்டுக்கும் நடுவில், ஒரு கிழவர் கணப்பருகே உட்கார்ந்து கோடரிகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் ஃபூட்டுக்கும் ஏற்காட்டுக்குமான தொடர்பு அவரோடு தொடங்கவில்லை. அவருடைய மாமனாரின் பெயரைப் பார்த்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பீட்டர் பெர்சிவல். அட, இவரா?

தமிழ் உரைநடையின் கதையைக் கொஞ்சம் படித்தவர்களுக்கும் இந்தப் பெயர் தெரியும். 1826இல் யாழ்ப்பாணம் வந்த வெஸ்லியன் பாதிரியார். ஆறுமுக நாவலர் அவரிடம் மாணவராக இருந்தார், பிறகு பைபிளைத் தமிழாக்கும் வேலையில் அவருக்குத் துணையாக இருந்தார். மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டு இருவரும் சென்னைக்கு வந்து, மழவை மகாலிங்கையரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிப் போன கதை நாவலர் வரலாற்றில் பிரசித்தம். பின்னர் ஆங்கிலிக்கன் சபைக்கு மாறிய பெர்சிவல் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதமும் நாட்டு மொழிகளும் கற்பித்தார். 1855இல் ‘தினவர்த்தமானி’ பத்திரிகையைத் தொடங்கினார். சி.வை. தாமோதரம் பிள்ளை அதன் ஆசிரியராக இருந்திருக்கிறார். பெர்சிவலின் மகள் எலிசபெத்தைத்தான் ஃபூட் 1862இல் திருமணம் செய்துகொண்டார். பல்லாவரத்துக் கல் கிடைப்பதற்கு முந்தைய ஆண்டு. எலிசபெத் 1870இல் இறந்துவிட்டார். பெர்சிவல் இறந்தது 1882 ஜூலையில், ஏற்காட்டில்.

மாமனாரும் சேகரிப்பாளர்தான். அவர் சேர்த்தவை பழமொழிகள். 1842இல் முதல் பதிப்பு, 1874இல் மூன்றாம் பதிப்பு. மூன்றாவதில் 6156 பழமொழிகள், ஆங்கில மொழிபெயர்ப்போடு. மாமனார் வாயிலிருந்து சேர்த்தார், மருமகன் மண்ணிலிருந்து சேர்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே நோய் என்று முதலில் சிரித்துக்கொண்டேன். கொஞ்சம் யோசித்தால் இரண்டும் ஒன்றல்ல. கிழவி ஒருத்தி சொன்ன பழமொழியைப் பெர்சிவல் எழுதிக்கொண்டால் அந்தக் கிழவிக்கு ஒன்றும் குறையாது. மறுநாளும் மருமகளிடம் அதையே சொல்லலாம். கல் அப்படியில்லை. ஒன்றை எடுத்தால் எடுத்த இடம் காலி.

சேர்வராயன் மலையில் அந்த இடம் எது என்பதுதான் விஷயம்.

இந்த மலையில் புதிய கற்காலக் கோடரிகள் நிறையக் கிடைக்கும். கருங்கல்லில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியவை. ஒரு முனை கூர், மறுமுனை தட்டை, உள்ளங்கையில் வாகாக உட்காரும். உழும்போது, மழைக்குப் பின் ஓடைக்கரையில் என்று கண்ணில் படும். கண்டெடுத்த மலையாளிகள் அவற்றைத் தூக்கி எறியவில்லை. பிள்ளையார் கோயிலில் கொண்டுபோய் வைத்தார்கள். சின்னக் கோயில்கள், சிலது மரத்தடி மட்டும்தான். அங்கே இந்தக் கோடரிகள் சாமியாக இருந்தன. ஃபூட்டே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். மலையாளிகளை மட்டும் வேடிக்கையாகப் பார்க்க ஒன்றுமில்லை. ஐரோப்பியக் குடியானவர்களும் இதே மாதிரிக் கற்களை இடியோடு வானத்திலிருந்து விழுந்தவை என்று நம்பி, இடி விழாமலிருக்கக் கூரையில் செருகி வைத்தவர்கள்தான். மனிதன் செய்தது என்ற நினைவு அறுந்துபோனால், மிச்சமிருப்பது தெய்வம் செய்தது என்ற விளக்கம். அதிலும் ஒரு மரியாதை இருக்கிறது. யாரோ வெகு கவனமாகச் செய்த பொருள் இது என்பதைக் கும்பிட்டவர்களின் விரல்கள் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

சேர்வராயன் மலைக் கோடரிகளும் ஃபூட்டின் சேகரிப்பில் சேர்ந்தன. 1904இல் அந்தச் சேகரிப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. அங்கே கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன், ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலின் ஆசிரியர். அவர் 1890களில் இதே சேர்வராயன் மலைக்குப் போய் மலையாளிகளின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து, அருங்காட்சியகத்தின் அறிக்கையில் வெளியிட்டவர். ஆக, எழும்பூரின் ஒரே கட்டடத்துக்குள் மலையாளிகளின் மூக்கு அளவும் வந்து சேர்ந்தது, சாமி கற்களும் வந்து சேர்ந்தன. முன்னது புள்ளிவிவரம், பின்னது மாதிரிப் பொருள்.

இதைப் படிக்கும்போது கோபம் வருவது சுலபம். எனக்கும் வந்தது. வீடு கைமாறினால் பத்திரம் எழுதுகிறோம், எல்லை சொல்கிறோம், கிழக்கே இன்னார் நிலம், மேற்கே வண்டிப்பாதை என்று. ஐவி காட்டேஜிலிருந்து எழும்பூருக்குக் கற்கள் போனதற்கும் விற்றவர், வாங்கியவர், ஆண்டு எல்லாம் இருக்கிறது. மரத்தடியிலிருந்து ஐவி காட்டேஜுக்குக் கல் நடந்த அந்த நாலு மைல், ஐந்து மைல் பாதைக்குத்தான் பத்திரம் கிடையாது. கலெக்டர்களும் தோட்டத்துரைகளும் இருந்த மலையில், ‘இது எங்க சாமி, தரமாட்டோம்’ என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று நாமே ஊகிக்கலாம்.

ஆனால் ஃபூட்டை ஒரு திருடனாக்கிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. காரணம் அவர் தயாரித்த பட்டியல். அவர் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார். சேகரிப்பின் விளக்கப் பட்டியல் 1914இல் வந்தது, காலமும் பரவலும் பற்றிய குறிப்புத் தொகுதி 1916இல். அக்காலத்துச் சேகரிப்பாளர்கள் பலருக்குக் கல் அழகாக இருந்தால் போதும், எங்கே கிடைத்தது என்ற கவலை கிடையாது. ஃபூட் புவியியலாளர். எந்த ஊர், எந்த மண், எந்த ஆற்றங்கரை என்று எழுதாவிட்டால் அவருக்கு அந்தக் கல் வெறும் கல். நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களை அவர் இப்படிப் பதிந்து வைத்திருக்கிறார். நூறு வருஷம் கழித்தும் ஆய்வாளர்கள் அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடங்களுக்குத் திரும்பிப் போக முடிகிறது. அத்திரம்பாக்கத்தில் நடந்ததும் அதுதான். இந்த மலையில் கோடரிகள் சாமியாக இருந்தன என்ற சேதியும் அவர் எழுதி வைத்ததால்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது. எடுத்துக்கொண்டு போனவரே எங்கிருந்து எடுத்தேன் என்றும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அதை ஒரு பத்திரமாகத்தான் வாசிக்கிறேன். வாங்கியவர் கோணத்தில் எழுதப்பட்ட பத்திரம்தான், இருந்தாலும் எல்லை சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

வீடுகளின் பிற்காலம் எல்லா மலையூருக்கும் பொதுவான கதை. சுதந்திரத்தை ஒட்டியும் அதற்குப் பிறகும் துரைமார் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தோட்டங்கள் விருதுநகர் பக்கத்து வணிகக் குடும்பங்கள் உட்படப் பலர் கைக்குப் போயின. பங்களாக்கள் பள்ளிக்கூடங்களுக்கும் மடங்களுக்கும் விடுதிகளுக்கும் போயின. ரிட்ரீட் இன்று சலேசியச் சபையிடம் இருக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை. தமிழ் முதலாளிகள் வாங்கிய தோட்டங்களுக்கும் ஸ்காட்லாந்துப் பெயர்களே தொடர்கின்றன. காபி மூட்டையில் இங்கிலீஷ் பெயர் இருந்தால் விலை நிற்கும் போல.

இதில் என்னைத் துரத்திக்கொண்டே இருக்கும் ஒரு விஷயம் உண்டு. பல்லாவரம், செயின்ட் தாமஸ் மவுண்ட் பகுதியின் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அந்தப் பாறைதான் என்பதால் 1893இல் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர் அது. சேர்வராயன் மலையும் சார்னகைட் மலைதான். ஃபூட் தன் முதல் கோடரியை எடுத்தது அந்தப் பாறைக் குன்றுகளின் நிழலில், வயதான காலத்தில் வீடு கொண்டது அதே பாறையின் மேல், செத்தது அந்தப் பாறைக்குப் பெயர் கொடுத்த ஊரில். கல்கத்தாவில் தகனம் செய்து, சாம்பலை மட்டும் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அது இருக்கிறது. ஐவி காட்டேஜுக்காரர் மலைக்குத் திரும்பிவிட்டார். கற்கள் எழும்பூரிலேயே இருக்கின்றன.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் தொல்பழங்காலப் பகுதியில் கூட்டமே இருக்காது. பள்ளிப் பிள்ளைகளை டைனோசரும் திமிங்கில எலும்பும் இழுத்துக்கொண்டு போய்விடும். கண்ணாடிக்குப் பின்னால் மெருகேற்றிய கோடரிகள், மேலே வெள்ளை மையில் எண்கள். அவற்றின் முன்னால் யாரும் கற்பூரம் காட்டுவதில்லை, எதிர்பார்க்கவும் முடியாது. நான் நின்றபோது காவலாளி ஒருவர் வந்து, ‘என்ன சார், ரொம்ப நேரமா பாக்குறீங்க?’ என்றார். ‘எங்க ஊர்க் கல்லுங்க’ என்றேன். சேலத்துக்காரன் அதைச் சொல்ல எவ்வளவு உரிமை இருக்கிறது என்பது தனிக் கேள்வி.

சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதத்தில் வரும். மலையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மலையாளிகள் எல்லோரும் உச்சிக்கு வருவார்கள். ஃபூட்டின் பட்டியலில் சேர்வராயன் மலைப் பகுதியை மட்டும் ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், கல்லின் எண், வடிவம், கிடைத்த இடம் என்று. அடுத்த மே மாதம் அதை எடுத்துக்கொண்டு போய், அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் யாரிடமாவது வாசித்துக் காட்ட வேண்டும்.